பூட்டனார் எங்கே பிறந்தவர்?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல குடியுரிமை, குடிவரவு பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மகளைப் பாடசாலையில் சேர்க்க எனது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பேரனார் (தந்தையின் தந்தை) இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் கேட்டு ஒரு கூடு இருக்கிறது. தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் (பேரனாரின் தந்தை) இங்கே பிறந்திருந்தால் நிரப்ப இன்னொரு கூடு. என் பத்திரத்தில் இரண்டிலும் வெறும் கோடு. அப்பா திருகோணமலையில் 1940இல் பிறந்தவர். அப்பப்பா கொச்சியிலிருந்து கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்தவர். பிள்ளை பிறந்ததைப் பதியப் பூட்டன் எதற்கு? இந்தக் கோட்டால் மகளுக்குச் சிக்கல் வருமா?
— வாசகர், உவர்மலை

பதில்: சிக்கல் வராது. ஆனால் அந்தக் கூடுகள் ஏன் வந்தன என்று தெரிந்துகொண்டால், வீட்டில் எந்தக் கடதாசியைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாக, அதாவது முன்னோர் வழியாகவே குடியுரிமை உள்ளவராக வேண்டுமென்றால், அவர் இங்கே பிறந்தது போதாது. அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பேரனும் பூட்டனும், இருவருமே, இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தத் திகதிக்குப் பின் பிறந்த பிள்ளைக்கோ, பிறந்த நேரத்தில் தந்தை பிரசையாக இருந்தாரா என்பதே அன்றைய கேள்வி. 2003இல் திருத்தப்படும் வரை தாயைப் பற்றிப் பேச்சே இருக்கவில்லை. பதிவாளரின் படிவம் இந்தச் சட்டத்தை அப்படியே கூடு கட்டி வைத்திருக்கிறது.

இதை உங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அப்பா பிறந்தது திருகோணமலையில்தான். ஆனால் சட்டம் கேட்டது அவருடைய தந்தையை, அதாவது கொச்சியில் பிறந்த அப்பப்பாவை. ஆகவே அப்பா வம்சாவழிப் பிரசையில்லை. அப்பா பிரசையாகாவிட்டால் பிறகு பிறந்த நீங்களும் இல்லை. கோடு மூன்று தலைமுறைக்கும் ஓடும். அதை வெட்ட அன்று இருந்த வழி 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். அதைப் பற்றி அடுத்த பதிலில் விரிவாக வருகிறது. அப்பப்பா அதன்கீழ் விண்ணப்பித்து, பராயமடையாத பிள்ளையாக உங்கள் அப்பாவையும் சேர்த்துப் பதிவு கிடைத்திருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். கிடைக்காமற் போயிருந்தாலும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவழியினரும் அவர்களது சந்ததியினரும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அந்தச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. துறைமுகத்துக்கு வந்தவர், கடைக்கு வந்தவர் எல்லோரும் அதில் அடக்கம். பதிவால் பிரசையானவருக்கும் வம்சாவழிப் பிரசைக்கும் வேறுபாடு காட்டக் கூடாது என்று அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நாட்டில் பிறப்புப் பதிவு கட்டாயமானது 1897இல்தான். 1948இல் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும், தமிழரோ சிங்களவரோ, பிறப்புப் பத்திரம் இருந்திருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. பேரன், பூட்டனின் பத்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் யாரிடம் பத்திரம் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவில்லை என்பதில் எல்லாம் இருந்தது. இச்சட்டங்களை எதிர்த்துக் கோடகன் பிள்ளை வழக்கு, அன்று இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரித்தானியப் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கும் தோற்றது. 1956 ஓகஸ்டில் நம்மூரிலேயே கூடிய தமிழரசுக் கட்சி மாநாட்டின் நான்கு பிரதான கோரிக்கைகளில், சமஷ்டிக்கும் மொழிக்கும் குடியேற்றத் திட்டங்களுக்கும் பக்கத்தில், இந்தப் பிரசாவுரிமைச் சட்டங்களும் இருந்தன.

கேள்வி: எங்கள் தாத்தா அட்டன் பக்கத் தோட்டமொன்றில் இருந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இங்கே வந்தது. அவருடைய தகரப் பெட்டியில் பழைய பிரசாவுரிமைச் சான்றிதழ் ஒன்றும், சித்தப்பாவின் இந்தியக் கடவுச்சீட்டு ஒன்றும் இருக்கின்றன. சித்தப்பா இந்தியா போகவேயில்லை. அம்மாவின் பழைய அடையாள அட்டை இலக்கம் 'எக்ஸ்' எழுத்தில் முடிகிறது, எங்களுடையது 'வீ'யில். இதெல்லாம் என்ன? வீசிவிடலாமா?
— வாசகி, லிங்கநகர்

பதில்: ஒன்றையும் வீச வேண்டாம். உங்கள் பெட்டிக்குள் இருப்பது மூன்று சட்டங்கள்.

தாத்தாவின் சான்றிதழ் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிடைத்ததாகத்தான் இருக்க வேண்டும். மேற்புறத்தில் சட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கும், பாருங்கள். அதைப் பெற, 1946 ஜனவரி 1க்கு முன்னால் மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகளும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். போதிய வருமானமும் வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதி 1951 ஓகஸ்ட் 5. கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது. தடுக்கி விழுத்தியது 'தொடர்ச்சி' என்ற சொல்தான். பிரசவத்துக்கோ கோயில் நேர்த்திக்கோ ஊர் போனவர் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது என்று கணக்கு. தோட்டப் பேரேட்டில் பெயர் ஒருமாதிரி, விண்ணப்பத்தில் இன்னொரு மாதிரி இருந்தாலும் ஆட்சேபணை. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், அவற்றில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். 1964 அளவில் பதிவு கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. உங்கள் தாத்தா அந்தச் சிறு கூட்டத்தில் ஒருவர். சான்றிதழில் மனைவி, பிள்ளைகள் பெயர் இருக்கிறதா என்று பின்பக்கத்தையும் பாருங்கள். இல்லையென்றால், பதிவுத் திகதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது நேரே உதவும். முன் பிறந்தவர்களுக்கு வேறு சட்டம் தேட வேண்டும்.

சித்தப்பாவின் கடவுச்சீட்டு 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி வந்தது. நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு என்று 15 வருடத் திட்டம் போட்டார்கள். ஏழு பேர் கப்பலேறினால் இங்கே நான்கு பேருக்குப் பிரசாவுரிமை என்பது கணக்கு. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரை எண்ணிப் பங்கிட்ட ஒப்பந்தம் என்று இதைச் சொல்வதில் மிகை இல்லை. யுத்தம் தொடங்கித் தலைமன்னார்க் கப்பல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டோடு போக முடியாமல் நின்றவர்கள் ஏராளம். 1986லும் 1988லும் வந்த சட்டங்கள் நாடற்றவர்களைப் பார்த்தனவே தவிர, கையில் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவரைப் பார்க்கவில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு ஒரு பிரகடனம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சித்தப்பா அதைச் செய்தாரா என்பதுதான் இப்போது நீங்கள் தேட வேண்டியது. செய்திருந்தால் பிரதி எங்காவது இருக்கும். செய்யாவிட்டால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவுக்கு அந்தக் கடவுச்சீட்டோடு போகவேண்டும். அதை ஒளித்துவிட்டுப் போனால்தான் வேலை குழம்பும்.

பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் 'வீ' வாக்குரிமை உள்ளவருக்கு, 'எக்ஸ்' இல்லாதவருக்கு. அம்மா அட்டை எடுத்தபோது அவர் பிரசையாகக் கணக்கெடுக்கப்படவில்லை. பிறகு பிரசையானாலும் அட்டை தானாக மாறாது. 2016 முதல் தரப்படும் 12 இலக்க அட்டையில் எழுத்தே கிடையாது. கிராம உத்தியோகத்தர் மூலம் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தால் 'எக்ஸ்' மறைந்துவிடும். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தில் இனம் என்ற கூட்டில் 'இந்தியத் தமிழர்' என்று இருப்பதும் பிரசாவுரிமையும் வெவ்வேறு விடயங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு இனத்தை மாற்ற அலைய வேண்டாம்.

கேள்வி: 2006இல் மூதூர்ப் பக்கத்திலிருந்து குடும்பமாக இந்தியா போய் முகாமில் இருந்துவிட்டு வந்துவிட்டோம். மகன் அங்கே 2009இல் பிறந்தவன். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழும், வரும்போது தந்த பயணக் கடதாசியும் இருக்கின்றன. அடையாள அட்டைக்குப் போனால் 'பிரசாவுரிமைச் சான்றிதழ் கொண்டு வாருங்கள்' என்கிறார்கள். அப்பா, அம்மா இருவரும் இலங்கையர். பிறகு ஏன்?
— வாசகர், சம்பூர்

பதில்: வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் பிரசாவுரிமை தானாக வந்து ஒட்டாது. பிரசாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்திலோ இங்கே திணைக்களத்திலோ பதிய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் காலம் கடந்தும் பதியலாம். முகாமில் இருந்தது தகுந்த காரணந்தான். கையில் இருக்கும் ஒருவழிப் பயண ஆவணம் விமானம் ஏறத் தந்தது மட்டுமே. அது குடியுரிமைக்கு அத்தாட்சி அல்ல. இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: மகனின் மூலப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரதும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், விவாகப் பத்திரம், அடையாள அட்டைகள், பயண ஆவணம், முகாமின் அகதி அடையாள அட்டை, தாமதத்துக்கான காரணத்தை விளக்கும் கடிதம். எல்லாவற்றுக்கும் நிழற்படப் பிரதி இரண்டு எடுத்து, மூலத்தையும் கூடவே வைத்திருங்கள்.

தடங்கல் வருவது அநேகமாகப் பெயரில். தமிழ்நாட்டில் 'மு. கணேசன்' என்று தலையெழுத்தோடு எழுதிவிடுவார்கள். இங்கே தந்தையின் பத்திரத்தில் முழுப்பெயர் இருக்கும். முகாம் அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். 'ஸ்ரீ'யை 'சிறி' என்றெழுதினாலே இரண்டு ஆளாகப் பார்ப்பவர்கள் உண்டு. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, மூன்று எழுத்துக்கூட்டலையும் அதில் அப்படியே எழுதுங்கள். சரியென்று நீங்கள் நினைக்கும் ஒன்றை மட்டும் எழுதினால் அந்தக் கடதாசியால் பயனில்லை.

இரண்டாவது தடங்கல் விவாகப் பதிவு. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்கள் ஏராளம். பிள்ளையின் விண்ணப்பத்துக்கு முன்னால் அதைப் பதிவாளரிடம் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது, இன்னும் அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது. ஆஸ்பத்திரியில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருக்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி பெயரைச் சேர்க்கப் பொதுவாக 15 வருடம் வரைதான் அவகாசம். திரும்பி வருமுன் அதை அங்கேயே முடித்துவிட வேண்டும். இங்கிருந்துகொண்டு செய்விப்பது பெரும்பாடு. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துகொண்டு வந்தால் பத்தரமுல்லைப் பயணமும் மிச்சம்.

பிரசாவுரிமைச் சான்றிதழ் கிடைத்ததும் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், ஆட்பதிவுத் திணைக்களம் என்ற வழமையான வரிசைதான். மகனுக்கு 15 வயது தாண்டிவிட்டதால் காலம் கடத்த வேண்டாம்.

படகில் போனவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட துறை வழியாகவன்றி நாட்டை விட்டுப் போவது அதன்படி குற்றம். உயிர் தப்பக் கள்ளத்தோணி ஏறியவரையும், ஆள் கடத்தலில் போனவரையும் அது ஒரே கண்ணால் பார்க்கிறது. திரும்பும் நாளில் அகதி அட்டையும், உங்களை அனுப்பிவைக்கும் நிறுவனத்தின் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

கேள்வி: அண்ணா 1986இல் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவர், நான் 1989இல் அங்கேயே. அவருக்கு இந்தியக் குடியுரிமை உண்டு, எனக்கு இல்லை என்கிறார்கள். ஒரே தாய் வயிறு. எப்படி?
— வாசகி, தம்பலகாமம்

பதில்: இடையில் 1987 ஜூலை 1 வந்துவிட்டது. 1950 ஜனவரி 26 முதல் அந்நாள் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவர் என்றால், ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாக நுழைந்தவராக இருக்கக் கூடாது. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022இல் உத்தரவிட்டது. உங்கள் அண்ணா அதே வரிசையில் வருகிறார். உங்களுக்கு அந்த வழி இல்லை.

இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமே. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9க்கு முன் இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்குகிறது. சிறைப் பயம் குறைகிறது, அவ்வளவுதான். குடியுரிமை என்று யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி நிலாவெளியில் காணி வாங்கப் போகிறார். அவரிடம் இலங்கை அடையாள அட்டை இருக்கிறது, கடவுச்சீட்டும் இன்னும் காலாவதியாகவில்லை. அதை வைத்தே உறுதி எழுதலாம்தானே?
— வாசகர், சாம்பல்தீவு

பதில்: தம்பி அவுஸ்திரேலியப் பிரசையாகிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். ஆகிவிட்டார் என்றால், இரட்டைப் பிரசாவுரிமை எடுத்திராத பட்சத்தில், சத்தியப்பிரமாணம் செய்த அன்றே இலங்கைப் பிரசாவுரிமை போய்விட்டது. அட்டை பையில் இருப்பதாலோ கடவுச்சீட்டில் திகதி மிச்சம் இருப்பதாலோ அது திரும்பி வராது. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர் என்றால் அவர் இன்னும் இலங்கைப் பிரசைதான், தாராளமாக வாங்கலாம்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் அது வலுவில் உள்ளது. அதை மீறி எழுதிய உறுதி செல்லாது. நொத்தாரிசு கையொப்பமிட்டு, காணிப் பதிவகத்தில் ஏறியிருந்தாலும் செல்லாது. காசு கொடுத்தபின் இது தெரியவந்தால், விற்றவரின் நல்ல மனதைத்தான் நம்ப வேண்டும். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. பெற்றோர் காணி முதுசமாக வருவதற்கும் தடை இல்லை. ஆகவே இரட்டைப் பிரசாவுரிமைச் சான்றிதழ் முதலில், உறுதி அதற்குப் பிறகு. திகதி இந்த வரிசையில்தான் விழ வேண்டும்.

55 வயது கடந்தவர், உயர்கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர், இங்கே 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத அசையாச் சொத்து உள்ளவர், அதே தொகையை மூன்று வருட நிலையான வைப்பில் இட்டவர் என்று விண்ணப்பிக்கப் பல வாசல்கள் உண்டு. காணி வாங்கத்தான் இரட்டைப் பிரசாவுரிமை கேட்கிறார், அதற்கு ஏற்கெனவே காணி இருந்தால் நல்லது என்கிறது படிவம்! தம்பிக்குத் தகைமைச் சான்றிதழ் இருந்தால் அந்த வாசலே சுருக்கு. உங்கள் பெயரில் வாங்கி வைக்கும் யோசனை எழுந்தால், சட்டத்தின் கண்ணில் காணிக்காரர் நீங்கள்தான் என்பதை இருவரும் உணர்ந்து செய்யுங்கள். இரட்டைப் பிரசை பாராளுமன்றம் போக முடியாது என்று 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி சொல்லியிருக்கிறது. அந்த ஆசை தம்பிக்கு இராது என நம்புகிறோம்.

கேள்வி: உயர்தர அரசறிவியல் மாணவி நான். குடிவரவுச் சட்டத்தால் ஓர் இனத்தையே தடுத்த நாடுகள் எவை? இலங்கைச் சட்டத்தை அவற்றோடு ஒப்பிடலாமா?
— மாணவி, திருகோணமலை

பதில்: ஐக்கிய அமெரிக்கா 1882இல் சீனத் தொழிலாளரைப் பெயர் சொல்லியே தடுத்தது. 1943இல் அதை நீக்கியபோது வைத்த கோட்டா வருடத்துக்கு 105 பேர். அவுஸ்திரேலியா 1901இல் கொஞ்சம் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. வருபவருக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்வதெழுதலாகக் கொடுப்பார்கள். எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறொன்றைக் கொடுத்தால் போதும், ஆள் தோற்பது நிச்சயம். இந்தச் சோதனை 1958 வரை சட்டத்தில் இருந்தது. கனடா, பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காத ஒரே பயணத்தில் வர வேண்டுமென்று 1908இல் விதித்தது. இந்தியாவிலிருந்து அப்படி ஒரு கப்பலே இல்லை! 1914இல் 376 பேரோடு வன்கூவர் போன கொமகாட்டா மாரு இரண்டு மாதம் துறைமுகத்தில் கிடந்து, மிகப் பெரும்பாலானவர்களோடு திரும்பியது. பிரித்தானியா 1968இல், தன் கடவுச்சீட்டையே வைத்திருந்த கென்ய ஆசியரைத் தடுக்க, பெற்றோரோ பேரரோ பிரித்தானியாவில் பிறந்திருக்க வேண்டும் என்றது. அங்கேயும் பேரனார்தான் வந்து நிற்கிறார்.

விடைத்தாளில் ஒப்பிடுவதானால் இந்த வேறுபாட்டை எழுதுங்கள். அந்நாடுகள் பெரும்பாலும் வாசலில் நின்று தடுத்தன. 1948இல் இலங்கை, ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தவர்களை, 1947 தேர்தலில் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்களை, வெளியாட்கள் என்றது. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். குடிவரவு என்ற தலைப்பில் வைத்துப் படித்தாலும் இது வாக்குரிமைச் சட்டந்தான். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் விளங்கும். வாக்காளர் இடாப்பில் இருக்கப் பிரசாவுரிமை வேண்டும் என்று அதுதான் முடிச்சுப் போட்டது.

கேள்வி: திருகோணமலையில் பல் வைத்தியம் செய்த சீனக் குடும்பங்களுக்கும் இதே கதிதானா?
— வாசகர், பாலையூற்று

பதில்: ஆம். பேரனும் பூட்டனும் சீனாவில் பிறந்தவர்கள், ஆகவே அதே இரண்டு கூடுகளிலும் கோடு. ஆட்தொகை சிறிது, வாக்கு வங்கியும் இல்லை. அதனால் அவர்களுக்கென்று தனிச் சட்டம் வரவும் அறுபது வருடம் பிடித்தது: 2008ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம்.